தண்ணி நின்ற உயரம்

நீல நூலைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சட்டையில் பொத்தான் அறுந்து, வீட்டில் நீல நூல்தான் இருக்கிறது என்றால், பொத்தான் இல்லாமலே ஷிஃப்டுக்குப் போயிருக்கிறேன். தொப்பை தெரிந்தது. தெரியட்டும். அந்த அக்கா மேல் எனக்கிருந்த கோபத்துக்கு முன்னால் தொப்பையெல்லாம் ஒரு விஷயமா?

வடலூர் தாண்டிக் குறிஞ்சிப்பாடி போகிற ரோட்டில், ஓடைப் பாலத்தை ஒட்டிப் பள்ளத்தில் அக்காவின் கடை. கார், வேன், டிராக்டர், மொபெட் எதுவானாலும் சீட்டு தைத்துக் கொடுக்கும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கழற்றிப் போட்ட சீட்டுகள் வரிசையாக இருக்கும், கார் எங்கேயோ போய்விட்ட பிறகும் ஆள் ஏறக் காத்திருக்கிற மாதிரி.

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓடுகிற காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததுகூட இல்லை என்று அதுவே சொல்லும். ஆனால் நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் யார் பழைய கார் வாங்கினாலும், புது உறை போட அங்கேதான் கொண்டு போவோம். கொண்டு போய்த் திட்டு வாங்குவோம்.

"வாங்கறதுக்கு முன்னாடி வராதவன் வாங்கன அப்புறம் எதுக்குய்யா வர்றே? தாலி கட்டிட்டுப் பொண்ணு பாக்க வர்றியா?"

இதுதான் வரவேற்பு. ஆபீசரானாலும் சரி, ஆபீசரின் டிரைவரானாலும் சரி.

அதன் கணக்கு எளிமையானது. "என்ஜினக் கழுவலாம். பெயின்ட் அடிக்கலாம். மீட்டரத் திருப்பலாம். சீட்டுக்குள்ள எவன் கைய வுடறான்? உண்மை அங்கதான் குந்திக்கினு இருக்கும்." சொல்லிக்கொண்டே பழைய உறையை உரிக்கும். ஆட்டுத்தோல் உரிக்கிறவர் தோற்றார்.

சீட்டுக்குள் கிடைப்பதையெல்லாம் ஒரு சில்வர் டப்பாவில் போட்டு வைத்து, கார்க்காரர் வரும்போது அவர் கையிலேயே கொட்டும். கொண்டை ஊசி, பால் பல், கடலை, பாதி பீடி எல்லாம். ஒருமுறை ஓர் ஆபீசர் மனைவியோடு வந்திருந்தார். நான் என் ஸ்கூட்டர் சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அக்கா டப்பாவைக் கவிழ்த்தது. இரண்டு கொண்டை ஊசிக்கு நடுவில் பித்தளை வில்லை போட்ட ஒரு சாவி. வில்லையில் பாண்டிச்சேரி லாட்ஜ் ஒன்றின் பெயர், ரூம் நம்பரோடு.

"இது முன்னாடி ஓனரோடது போல" என்றார் ஆபீசர், சாவியைப் பார்க்காமலே.

"ஏன் சார், போன தடவ வந்தப்ப ஷோரூம்லேர்ந்து புதுசா எடுத்த வண்டின்னு சொன்னீங்களே?"

எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. அவர் போன பிறகு, "ஏங்க்கா, வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்ல?" என்றேன்.

"சீட்டுல இருந்துச்சு, குடுத்தேன். நானா போட்டேன்?"

அவ்வளவுதான் அந்த அக்கா. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அடுத்தவன் சாவி அல்லவா.

பழைய பெரிய கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்றால் அக்காவுக்குத் தனி ஆத்திரம். "புதுச் சின்ன கார் விலைக்குப் பழைய பெரிய கார் வருதுன்னா, அந்தக் கார் ஒன்னத் தேடி வரல, யாருகிட்டருந்தோ தப்பிச்சு ஓடியாருது" என்று ஆரம்பிக்கும். வாங்குகிறது பெரிய விஷயமில்லை, கண்ணாடி துடைக்கிற கைக்குக்கூட சென்னையிலிருந்து சாமான் வரவேண்டும், அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும் என்று பயமுறுத்தும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார், எவனும் அதன் அடி நுனியைத் துவைக்க மாட்டான். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரலை விடு. சீட்டைத் தாங்குகிற போல்ட்டு துரு பிடித்திருக்கிறதா பார். காருக்குள் வாசனை தூக்கலாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு ஓடு.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி போவாதய்யா. பொணம் அறுக்கப் போற மாதிரி போ."

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. எதையும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இடையில் அந்தப் பெருமழை வந்தது. சென்னை மூழ்கியதைத்தான் டிவியில் காட்டினார்கள். எங்கள் பக்கமும் ஏரியும் வயலும் ஒன்றாகிக் கிடந்தன. அக்காவின் கடைப் பள்ளத்தில் தண்ணீர் அக்கா கழுத்து வரைக்கும் நின்றது. தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, ஆட்கள் கயிறோடு வரும்வரை நின்றுகொண்டிருந்ததாம். வந்தவர்களை லேட்டாக வந்ததற்குத் திட்டியதாம். அதை நான் நம்புகிறேன்.

தண்ணீர் வடிந்ததும் கடைச் சொந்தக்காரர் சுண்ணாம்பும் மட்டையுமாக வந்தார். நானும் அங்கே இருந்தேன். அக்கா துணியில் குறி போடுகிற நீலச் சாக்கட்டியால், கறை நின்ற உயரத்துக்குச் சுவர் முழுக்க நாலு பக்கமும் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தது.

"என்னாம்மா இது, சுவத்தக் கெடுத்து வெச்சிருக்கே? வெள்ளை அடிச்சா போய்டும், ஒதுங்கு."

"அடிச்சா கறை போவும். தண்ணி வரலன்னு ஆயிடுமா? நாளைக்கு நான் காலி பண்ணிக்கினு போய்ட்டா, அடுத்து வர்றவன் எங்க சரக்கு வெக்கணும்னு தெரிஞ்சுதான வெக்கணும்?"

"கோடு இருந்தா எவன் வாடகைக்கு வருவான்?"

"தெரிஞ்சு வர்றவன் வருவான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் மட்டும் வெள்ளை அடித்துவிட்டுப் போனார். நான் கோட்டையும் அவரையும் பார்த்து அனுதாபமாகச் சிரித்தேன். இதையும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மழை வருஷம் போய்ச் சித்திரை பிறந்ததும் நான் கார் வாங்கினேன்.

ஏன் வாங்கினேன்? சுரங்க ஸ்டோர்ஸில் நட்டு எண்ணுகிற எனக்கு ஜெர்மன் கார் எதற்கு? மச்சினன் சின்ன கார் வாங்கியிருந்தான். இதைவிடக் கேவலமான காரணம் வேண்டுமென்றால் யோசித்துச் சொல்கிறேன். சென்னைப் புறநகரில் ஒரு புரோக்கரின் ஷெட். வெள்ளைக் கார், பாலாடை நிறத்தில் சீட்டு, உள்ளே மல்லிகைக் கடைபோல வாசனை. "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர், மெட்ராஸைத் தாண்டினதில்ல" என்றார் புரோக்கர். நானும் பெரிய பரீட்சகன் மாதிரி குனிந்து, சீட்டுக்கு அடியில் விரலை விட்டேன். விரலில் நைசான பழுப்புத் தூசி ஒட்டிக்கொண்டு வந்தது.

இங்கேதான் நான் மண்ணாய்ப் போனேன், நிஜமாகவே. எங்களுக்குப் பழுப்பு நிலக்கரித் தூசி பிறவித் தோஷம். கொடியில் காய்கிற வேட்டியிலும் ஜன்னல் கம்பியிலும் இட்லித் துணியிலும் இருக்கும். காலையில் துடைத்தால் சாயங்காலம் வரும். அதனால் தூசியைப் பார்த்தால் எங்கள் கண் அதைப் பார்ப்பதில்லை. 'நம்ம ஊர்த் தூசிதானே' என்று விரலை வேட்டியில் துடைத்துவிட்டுக் கை குலுக்கினேன். நின்ற இடம் நெய்வேலியிலிருந்து நாலு மணி நேரப் பயணம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். தெருவே வந்து பார்த்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு கார் தன் இஷ்டத்துக்கு வாழத் தொடங்கியது. கத்திரி வெயிலில் மழை துடைப்பான் ஓடும். ஷெட்டில் நிற்கும்போது தானாக ஹாரன் அடிக்கும். ஏசியைப் போட்டால் டிக்கி திறக்கும். "சமத்தான வண்டிங்க, சொல்லாமலே எல்லாம் செய்யுது" என்றாள் மனைவி. எங்கள் ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கோயிலில் கும்பிடுகிற மாதிரி கும்பிட்டு மூடினார்.

ஒருநாள் ரயில்வே கேட்டில் அது நின்றது. முன் சக்கரம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், பின் சக்கரம் அந்தப் பக்கம். என்ஜின் செத்துவிட்டது, கதவு பூட்டிக்கொண்டது, கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே நானும் மனைவியும். கேட்காரர் கொடியோடு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டுகிறார், அவள் உள்ளேயிருந்து தட்டுகிறாள், நான் எல்லாப் பொத்தானையும் அழுத்துகிறேன். பாட்டு மட்டும் பாடியது. என்ன நினைத்ததோ, கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே உயிர் வந்து நகர்ந்தது.

வீடு வந்ததும் அவள் கதவைத் திறந்தாள். இறங்கும்போது சொன்னாள்: "நானும் பிள்ளைகளும் இனி இதில ஏற மாட்டோம்."

அப்போதுதான் அக்காவிடம் கொண்டு போய், கேட்டில் நின்றதையும் மனைவி சொன்னதையும் சொன்னேன். அக்கா பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டு, எடுத்து, விரலை என் மூக்குக்கு நேராக நீட்டியது.

"என்னா இது?"

"தூசிக்கா. நம்ம ஊர்த் தூசி."

"வண்டி எங்க இருந்துச்சு?"

"மெட்ராஸ்ல."

"ஏன் சார், மெட்ராஸ்ல எப்ப சுரங்கம் தோண்டினாங்க?"

அக்கா பெல்ட்டை அடி வரைக்கும் இழுத்தது. நுனியில் பழுப்பு வரி. சீட்டின் உறையை ஓர் ஓரம் உரித்தது. உள்ளே ஸ்பான்ஜில் தோள் உயரத்துக்குக் கறை, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி.

"வெள்ளத்துல முங்கின வண்டிய்யா இது. ஒயரெல்லாம் அழுகிக் கெடக்கும். மோதினா விரியணுமே அந்தப் பை, அது விரியாது. விக்காதே. ஒடைச்சுப் போடு. கண்ணாடி, டயரு, கதவு, நாலு பேருக்கு ஒதவும்."

"விக்கல அக்கா. நானேதான் வெச்சுக்கப் போறேன். நல்லதா புது ஒற போட்டுக் குடு" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது. "வெச்சுக்கப் போறே?"

"ஆமாக்கா."

"சரி. தைக்கிறேன்."

திட்டாமல் அக்கா சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் போய் எடுத்தேன். அசந்துவிட்டேன். அதே பாலாடை நிறம். அதில் தோள் உயரத்தில் இரட்டை நீலத் தையல், டிரைவர் சீட்டிலிருந்து பின்சீட்டு வழியாக நாலு கதவிலும் விட்ட இடம் தொட்டு ஒரே மட்டத்தில் ஓடியது. "டிசைன் பிரமாதம்க்கா! ஃபாரின் வேலை மாதிரி இருக்கு" என்றேன். அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது. பத்து நாள் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து சுற்றினேன். பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். உலகத்தில் எத்தனையோ முட்டாள்கள் உண்டு. தன் முட்டாள்தனத்துக்குப் பார்டர் வைத்துத் தைத்து ஊர்வலம் விட்டவன் நான் ஒருவன்தான்.

புது உறை போட்டதே விற்கத்தான். வாங்க ஆள் வந்தது, வெளியிலிருந்து இல்லை. கலியமூர்த்தி, என்னோடு வேலை செய்கிறவர். பல வருஷம் கான்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கரி அள்ளிவிட்டு, அப்போதுதான் பர்மனன்ட் ஆகியிருந்தார். மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் ஒரே மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். குழந்தைகள் இரண்டும் நேராகப் பின்சீட்டில் ஏறிக் குதித்தன. சின்னது அந்த நீலத் தையலை இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை விரலால் தடவிக்கொண்டே போனது.

கலியமூர்த்தி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. மெட்ராஸ் வண்டியெல்லாம் வெள்ளத்துல நின்னதுன்னு பேசிக்கிறாங்க. இது அப்படி ஒண்ணும் இல்லீங்களே?"

"சே சே! டாக்டர் வண்டி கலியமூர்த்தி. சிங்கிள் ஓனர்."

புரோக்கரின் குரலே என் வாயிலிருந்து வந்தது, அந்த மல்லிகை வாசனை உட்பட. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். எப்போதும் நான் ஜோக்கடிக்கிற ஆள் அல்லவா, முகம் அதற்குப் பழகியிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே மனைவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போடவில்லை, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கார் கைமாறிய மூன்றாம் நாள் கேன்டீனில் என் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் கார் சாவி வந்து உட்கார்ந்தது. கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

தலைக்கு வைக்கிற குட்டித் தலையணைக்கும் அதே நீலத் தையல் போட்டுக் கொடுக்கச் சொல்லிச் சின்னப் பெண் கேட்டிருக்கிறாள். அதற்காகக் காரை அக்கா கடைக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். போகிற வழியிலேயே அது ஒருமுறை நின்றிருக்கிறது. அக்கா கேட்டதாம்: "இந்தக் கோடு என்னான்னு வித்தவரு சொன்னாரா?"

"வண்டியப் பாக்காம வாங்கினது என் தப்புண்ணே" என்றார் கலியமூர்த்தி. குரல் உயரவில்லை. "நீங்களா சொல்லாம இருந்திருந்தாகூட வியாபாரம்னு வுட்டுடுவேன். நான் கேட்டேன்லண்ணே."

டேபிளில் இருந்தவர்கள் எல்லோரும் டீயைப் பார்த்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் கேன்டீனில் என் டேபிளில் உட்கார்ந்ததில்லை. திட்டியதும் இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டுத் திட்டிச் சரிக்கட்டியிருப்பேன்.

திட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டுமே. அன்றைக்கே ஷிஃப்டு முடிந்து காரை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். ரோட்டில் நிறுத்தப் பொறுமையில்லாமல் சரிவில் இறக்கி, கடை வாசலில் வளைத்து ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் பிரேக் போட்டேன்.

"காசு வாங்கிக்கிட்டு வேல செஞ்சே இல்ல? வேல குடுத்தவனையே காட்டிக் குடுப்பியா? ஒனக்கெதுக்கு ஊர் வம்பு? தைக்கிறவ தைச்சமா போனமான்னு இருக்க வேணாம்?"

அக்கா மெஷினிலிருந்து எழுந்தது. கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. நான் ஓர் அடி பின்வாங்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.

"யோவ், நானா காட்டிக் குடுத்தேன்? நானா மறைச்சேன்? பத்து நாளு ஒங் கண்ணு முன்னாடி கெடந்துச்சேய்யா அந்தக் கோடு! ஸ்பான்ஜ்ல கறை எங்க நின்னுதோ, அளவெடுத்து, நூலு புடிச்சுத் தைச்சேன். நீ வெச்சுக்கறேன்னு சொன்னே. வெச்சுக்கறவனுக்குத் தெரியட்டும்னு தைச்சேன். விக்கறவனா இருந்தா வாங்கறவனுக்குத் தெரியட்டும்னும்தான் தைச்சேன். ரெண்டுக்கும் ஒரே கோடுதான்!"

அப்போதுதான் அதன் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த நீலச் சாக்கட்டிக் கோடு என் கண்ணில் விழுந்தது. நாலு பக்கமும் ஒரே மட்டம். மேலேயும் கீழேயும் வெள்ளை. அதே அக்கா, அதே நீலம், அதே பிடிவாதம். நான் அந்தக் கடையில் நின்று, அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்தவன்.

"அந்தப் பொண்ணுங்க ரெண்டும் பின்னாடி குந்திக்கினு வந்துச்சிங்கய்யா" என்றது அக்கா. இப்போது கத்தவில்லை. "கண்ணாடி எறங்கலன்னு அழுதுகினு வந்துச்சிங்க. ஒன் வூட்டு ஆளுங்க இதுல ஏற மாட்டாங்க, அவன் வூட்டு ஆளுங்க ஏறலாமா?"

வெடுக்கென்று திரும்பிக் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். கோபமாகக் கிளம்பிப் போக வேண்டும். அதற்குக் கார் கிளம்ப வேண்டும்.

பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரை உடைத்துத்தான் விற்றேன். கதவு ஒருவருக்கும் டயர் ஒருவருக்கும் போயின. மச்சினன் இன்றைக்கும் விசேஷங்களில் "மாமா, கார் எங்கே?" என்று கேட்கிறான். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். கடை போய்விட்டது, அக்கா எங்கே போனது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இப்போது யாராவது பழைய பெரிய கார் வாங்குவதைப் பற்றி என்னிடம் கேட்டால், பெல்ட்டை இழு, போல்ட்டைப் பார், பொணம் அறுக்கப் போற மாதிரி போ என்று ஓர் எழுத்து விடாமல் ஒப்பிக்கிறேன். யார் சொன்னது என்று கேட்டால் கோபம் வருகிறது. யார் மேல் என்று முன்பு தெளிவாகத் தெரியும்.

அன்றைக்கு அந்தச் சரிவில் சாவியைத் திருகுகிறேன், திருகுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. துடைப்பான் மட்டும் ஒருமுறை போய் வந்தது, டாட்டா காட்டுகிற மாதிரி. இறங்கி உதவி கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஏறி மேலே போகக் கார் இடம் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அக்கா வந்து நின்றது.

"நியூட்ரல்ல போடு."

போட்டேன்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனது. ரோட்டோர டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தது. டீ மாஸ்டரும், பஸ்ஸுக்கு நின்ற நெசவாளர்கள் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே அவர்களுக்கு அக்கா முழுக்கதையையும் சொன்னது, வெள்ளத்தில் நின்றதையும், டாக்டர் வண்டி என்றதையும், "நம்ம ஊர்த் தூசி"யையும். வாய் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது, கை என்னை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. நெசவாளர் ஒருவர் சிரிப்பு தாங்காமல் கையை விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தார்.

ஸ்டியரிங் கல்லாக இறுகிக் கிடந்தது. கார் ஓடைப் பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தது. உள் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பின்சீட்டின் குறுக்கே அந்த நீலக் கோடு. அதற்குச் சரியாக மேலே, பின்கண்ணாடிக்கு வெளியே, அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது, கழுத்துத் தண்ணீரில் நிற்கிற மாதிரி. மூச்சு வாங்கியது. வாய் மூடவே இல்லை.

"யோவ்! ஓடையில எறக்கிடப் போறே! ஸ்டியரிங்கையாவது நேராப் புடிய்யா!"

இரண்டு கையாலும் பிடித்தேன்.